டி.மின். ப்ராஜெக்ட்: சபையிடம் கேட்டு எழுதிய ஆய்வு

வைவா முடிந்து, திருத்தங்களைச் சேர்த்து, பைண்டு செய்த பிரதியைச் செமினரி நூலகத்தில் ஒப்படைத்தாயிற்று. சபையாரும் உறவினர்களும் மனதார வாழ்த்தினார்கள். வாழ்த்திய கையோடு பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்படி என்னதான் ஐயா எழுதுனீங்க?" ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கி நிற்கும் நேரத்தில் இதற்குப் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. டி.மின். சேரலாமா என்று யோசிக்கும் ஆயர்களுக்காகவும், ஆயரைப் படிக்க விட்டுவிட்டுக் காத்திருக்கும் சபைகளுக்காகவும் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயர் தான் படித்ததைச் சபையில் செயல்படுத்திக் காட்டுவதுதான் கடைசி ப்ராஜெக்ட் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்டது வேறு. சபையாருக்கு ஏற்கெனவே தெரிந்தும் யாரும் கேட்காததால் சொல்லப்படாமல் கிடப்பதை, முறையாகக் கேட்டு, சோதித்துப் பார்த்து, எழுதிவைக்கும் வேலை அது. கேட்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்காகத்தான் இத்தனை வருடப் படிப்பு.

இது என்ன பட்டம்?

டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி, ஊழியத்தில் இருப்பவர்களுக்கான தொழில்முறை முனைவர் பட்டம். 1960-களின் கடைசியிலும் 70-களிலும் அமெரிக்கச் செமினரிகளில் வளர்ந்து, பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. பொதுவாக எம்.டிவ். அல்லது அதற்கு இணையான படிப்பும், அதற்குப் பின் சில வருட ஊழிய அனுபவமும் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். பி.எச்டி. செய்பவர் ஒரு துறையின் அறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். டி.மின். செய்பவர் தன் ஊழியக்களத்தில் உள்ள ஒரு உண்மையான சிக்கலை எடுத்து, அதை ஆராய்ந்து, ஒரு முயற்சியைச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று மதிப்பிட வேண்டும். பி.எச்டி.யைவிட இது சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து மட்டும் இதை முடித்துவிட முடியாது. ஆய்வுக்கு உட்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், நாம் எழுதுவதற்கு அவர்களிடமும் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்ப் போஸ்டர்களில் 'டாக்டர்' என்ற அடைமொழி தாராளமாகப் புழங்குவதால் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. இந்தியாவில் இறையியல் பட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு மூவரும் 1818 இல் செராம்பூர் கல்லூரியைத் தொடங்கினார்கள். அந்த ஊர் அப்போது டென்மார்க் வசம் இருந்தது, நம் தரங்கம்பாடியைப் போலவே. 1827 இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெட்ரிக் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் கொடுத்தார். 1845 இல் இரண்டு ஊர்களும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பிறகும் அந்த உரிமை நிலைத்தது. இன்று செராம்பூர் செனட்டின் கீழ் நாடு முழுவதும் இறையியல் கல்லூரிகள் இயங்குகின்றன. இப்படிப் பாடத்திட்டமும் கைடும் வெளித்தேர்வாளரும் வைவாவும் உள்ள பட்டம் ஒன்று, பணம் கட்டினால் மேடையில் போர்த்திவிடும் பட்டம் இன்னொன்று. இரண்டையும் சபை ஒன்றாகப் பார்க்கக் கூடாது. ஆயரிடம், "என்ன ஆய்வு செய்தீங்க, நாங்க வாசிக்கலாமா?" என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு சபையாருக்கும் உண்டு.

கேள்வியைச் சுருக்குவது

நான் ஊழியம் செய்வது தென் மாவட்டத்தில் ஒரு சேகரத்தில். தலைமைச் சபையும் சுற்றியுள்ள சில கிராமச் சபைகளும் சேர்ந்தது சேகரம். இங்கே தெருவுக்குத் தெரு, பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக வயதானவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், வளைகுடாவில், அமெரிக்காவில். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே அறுபது வயதைத் தாண்டியவர்கள் மொத்த மக்கள்தொகையில் 10.4 சதவீதம், நாடு முழுவதும் 8.6. 2021 க்கான அரசு மதிப்பீட்டில் தமிழ்நாடு 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். படிப்பும் வேலையும் தேடி ஊரைவிட்டுப் போவது பல தலைமுறை வழக்கமாகிவிட்ட தென் மாவட்டக் கிறிஸ்தவக் கிராமங்களில், இதைப் புள்ளிவிவரம் பார்க்காமலே வாசலில் கிடக்கும் செருப்பை வைத்துச் சொல்லிவிடலாம்.

முதல் ப்ரொபோசலில் பலரும் செய்வதைப்போல 'தமிழகத் திருச்சபையும் முதியோர் பராமரிப்பும்' என்று எடுத்தால், பத்து வாழ்நாள் போதாது. கைடு திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான்: யாருக்கு, எந்த இடத்தில், எதைச் செய்தால், எது மாறும் என்று பார்க்கப்போகிறீர்கள்? அந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதியபோது தலைப்பு தானாகச் சுருங்கியது. தனியாக வாழும் முதியோரை, பயிற்சி பெற்ற சபையார் தொடர்ந்து வீடு சந்தித்தால், அந்த முதியவர்களுக்கும் சபைக்கும் இடையே உள்ள உறவு எப்படி மாறுகிறது? ஒரே சபை, ஒரே குழு, ஒரே கேள்வி.

பிரின்ஸ்டன் செமினரியின் ரிச்சர்ட் ஆஸ்மர் 2008 இல் எழுதிய நடைமுறை இறையியல் நூல் இந்தப் படிப்பில் பரவலாகப் பயன்படுகிறது. அவர் நான்கு பணிகளை வரிசைப்படுத்துகிறார்: என்ன நடக்கிறது என்று பார்ப்பது, ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொள்வது, என்ன நடக்க வேண்டும் என்று வேதத்தின் வெளிச்சத்தில் கேட்பது, நாம் என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது. ஆயர்களான நமக்கு மூன்றாவதிலிருந்து தொடங்கித்தான் பழக்கம், பிரசங்கம் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. இந்தப் படிப்பு முதல் பணியில் நம்மை நெடுநாள் உட்காரவைக்கிறது. சபையில் என்ன நடக்கிறது என்பதை, சரி தப்பு சொல்லாமல், பார்த்தபடி எழுத வேண்டும். இதுவே ஒரு ஆவிக்குரிய ஒழுக்கம் என்று இப்போது நம்புகிறேன்.

அப்போஸ்தலர் ஆறு

வேதப் பின்னணி அத்தியாயத்தை, கட்டாயத்துக்காக வசனங்களை அடுக்கும் இடமாக ஆக்கிவிடும் ஆபத்து உண்டு. என்னைப் பொறுத்தவரை ப்ராஜெக்டின் வடிவத்தையே மாற்றியது அந்த அத்தியாயம்தான்.

அப்போஸ்தலர் 6 ஆம் அதிகாரம் நமக்கெல்லாம் தெரிந்தது. அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். வழக்கமாக இதை வேலைப் பங்கீட்டுக்கான பாடமாகப் பிரசங்கித்துவிட்டுப் போய்விடுவோம். அந்த ஏழு பெயர்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்து, பந்தியை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று வேத அறிஞர்கள் பலர் இதைப் பார்க்கிறார்கள். ஆதித் திருச்சபை விதவைகளுக்கு உதவி அனுப்பியதோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் தரப்பிடம் பொறுப்பையே ஒப்படைத்தது.

இது பிடிபட்டதும் சந்திப்புக் குழுவின் அமைப்பை மாற்றினோம். முதலில் நினைத்திருந்தது வாலிபரும் நடுவயதினரும் சேர்ந்த குழு. பிறகு, தனியாக வாழும் முதியவர்களையே குழுவில் சேர்த்தோம். சொந்த வீட்டில் தனியே தூங்கி எழும் ஒருவருக்கு, இன்னொரு தனி வீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயரிடம் "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா?

ஆய்வில் பங்கெடுக்கிறவர்களிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும். கல்லூரி விதி அது. தாளில் கையெழுத்து வாங்குவது சுலபம். நம் ஊரில் சேகர குரு போய்ப் பேனாவை நீட்டினால், வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஞானஸ்நானம் கொடுத்தவர், கல்யாணம் நடத்தியவர், நாளைக்கு அடக்கம் பண்ணப்போகிறவர் கேட்கும்போது யாருக்கு மறுக்க மனம் வரும்? அதற்குப் பெயர் சம்மதம் ஆகாது.

அதனால் சம்மதம் கேட்கும் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. சபையில் எந்தப் பொறுப்பிலும் இல்லாத, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வீடுகளுக்குப் போய், தமிழில் எழுதிய விளக்கத்தை உரக்க வாசித்துக் காட்டினார். யார் சேரவில்லை என்பது எனக்குத் தெரியாத வகையில் ஏற்பாடு செய்தோம். இடையில் விலகிக்கொள்ளலாம் என்பதையும் அவரே சொன்னார். பெயரை மாற்றி எழுதுவதும் கிராமத்தில் போதாது. 'பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டு டீச்சர், மகன் டெக்ஸாஸில்' என்று எழுதினால் பெயர் எதற்கு? வீட்டின் இடம், பிள்ளைகளின் ஊர், வேலை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. இந்தப் பதிவிலும் அப்படியே செய்திருக்கிறேன். கீழே வருவது சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு.

ஒரு வெர்பேட்டிம்

குழுவுக்குக் கொடுத்த பயிற்சியின் நடுநாயகம் வெர்பேட்டிம். ஒரு சந்திப்பு முடிந்து வந்ததும், நினைவிலிருந்து உரையாடலை வரிவரியாக எழுதி, குழுவில் வாசித்து, சேர்ந்து சிந்திப்பது. 1925 இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் இறையியல் மாணவர்களை நோயாளிகளோடு பழகவைத்துப் பயிற்சி கொடுத்தார். பாய்சனே மனநோயில் விழுந்து மருத்துவமனையில் இருந்து மீண்டவர். நோயாளிகளை உயிருள்ள ஆவணங்களாக, நூல்களை வாசிக்கும் கவனத்தோடு, வாசிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அந்தப் பயிற்சி மரபில் வளர்ந்த கருவிதான் வெர்பேட்டிம். நம் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் பயிற்சி மரபு உண்டு.

எங்கள் குழுவிலிருந்து ஒன்று. சந்தித்தவர், குழுவில் இருந்த ஒரு சகோதரி. சந்திக்கப்பட்டவர், ஓய்வுபெற்ற ஆசிரியை.

"டீச்சர், எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்ம்மா. கர்த்தர் நடத்துதாரு."

"தம்பி போன் பண்ணுதாரா?"

"பண்ணுதான். நமக்கு ராத்திரின்னா அவனுக்குப் பகலு. வேலைக்கு நடுவுல பேசுதான், பாவம்."

(கொஞ்ச நேரம் பேச்சில்லை.)

"ராத்திரிதான்ம்மா..."

"சரி டீச்சர், ஜெபம் பண்ணிக்கிடுவோமா?"

குழுவில் இதை வாசித்ததும் ஒரு வயதான ஐயா, "அந்த அம்மா 'ராத்திரிதான்'னு நிறுத்தினாங்களே, அது என்ன?" என்று கேட்டார். அறையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. நாம் ஜெபத்தை எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்று அன்றைக்கு நெடுநேரம் பேசினோம். ஒருவர் பேசத் தொடங்கும் இடத்தில் ஜெபத்தை வைத்தால், அவர் பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது. பேசி முடித்தபின் ஜெபித்தால், அவர் சொன்னதையெல்லாம் எடுத்து ஆண்டவரிடம் வைக்கிற ஜெபமாகிறது. வீடு சந்திப்பைப் பற்றி எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த முறை அந்தச் சகோதரி போய், ராத்திரியைப் பற்றியே கேட்டார். டீச்சர் சொன்னார்: "ராத்திரி உள்தாழ்ப்பாள் போடுறதில்லம்மா. எனக்கு எதாவது ஆச்சுன்னா கதவ உடைக்க வேண்டாம் பாருங்க. நல்ல தேக்குக் கதவு, அவுக பாத்துப் பாத்துச் செஞ்சது."

இதை நான் வருடக்கணக்கில் அந்த வீட்டுக்குப் போயிருந்தும் என்னிடம் சொல்லத் தோன்றவில்லை, பக்கத்துத் தெருப் பெண்ணிடம் சொல்லத் தோன்றியது. ஆயரிடம் சாட்சியைச் சொல்வார்கள், பயத்தைச் சக சபையாரிடம்தான் சொல்வார்கள் என்பது என் ஆய்வின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. குழு என்ன செய்தது என்றால், நம்பிக்கையான இரண்டு பக்கத்து வீடுகளில் மாற்றுச் சாவி வைத்தார்கள், காலையில் ஒரு போன் அழைப்புக்கு முறை போட்டார்கள். டீச்சர் இப்போது கதவைத் தாழிட்டுத் தூங்குகிறார். அவரும் குழுவில் ஒருவர், காலை அழைப்பில் சிலருக்கு அவர்தான் போன் செய்கிறார்.

மதிப்பீடு: ஒத்தது, முரண்பட்டது, சொல்லாதது

நடந்ததை எல்லாம் நல்லதாகவே எழுதிவிடும் ஆசை ஊழியருக்கு இயல்பு. ஆண்டறிக்கை எழுதிப் பழகியவர்கள் நாம். இந்த ஆசைக்குக் கடிவாளம் போட்டது டிம் சென்சிங் டி.மின். மாணவர்களுக்காகவே எழுதிய ஆய்வுமுறை நூல். மூன்று பக்கத்திலிருந்து தகவல் வாங்கச் சொல்கிறார்: பங்கெடுத்தவர்கள், வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர், ஆய்வு செய்யும் நாம். அந்தத் தகவலில் மூன்றைத் தேடச் சொல்கிறார்: எல்லோரும் ஒத்துச் சொன்னது, அதற்கு முரணாக வந்தது, யாருமே சொல்லாதது.

ஒத்துச் சொன்னது எதிர்பார்த்ததுதான். யாரோ வருவார்கள் என்ற நம்பிக்கை வாரத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தது என்று பலரும் சொன்னார்கள்.

முரண்பட்டதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. ஒரு பாட்டி சந்திப்பே வேண்டாம் என்றார். காரணம் கேட்டபோது, "ஆள் வந்தா காப்பி போடணும்லா, அடுப்புப் பக்கம் நிக்க முடியல" என்றார். விருந்தோம்பல் நம் ஊரில் மானப்பிரச்சினை. அதன்பின் குழுவினர் பிளாஸ்கில் காப்பி எடுத்துப்போய்ச் சேர்ந்து குடித்தார்கள். இன்னொருவர் தனிமை தனக்கு நிம்மதி என்றே சொன்னார். அதையும் அப்படியே எழுதினேன். தனியாக வாழ்கிற எல்லோரும் தனிமையில் வாடுவதில்லை.

சொல்லாதது: எந்தப் பேட்டியிலும் யாரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு குறை வார்த்தை பேசவில்லை. பிள்ளைகளை வெளியூர் அனுப்பப் படிக்கவைத்ததே தாங்கள்தான் என்ற பெருமையும், அதற்குக் கொடுக்கிற விலையும் ஒரே நெஞ்சில் இருக்கின்றன. இந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஐந்தாம் கற்பனையைப் பிரசங்கிக்கும்போது, அந்த மௌனம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்து பிரசங்கிக்க வேண்டியிருக்கிறது.

எழுதுவதும் முடிப்பதும்

எழுதும் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊழியத்தில் இருந்துகொண்டே எழுதுகிறவருக்கு நேரம் தானாக வராது. அசனப் பண்டிகை வரும், ஸ்தோத்திரப் பண்டிகை வரும், அடக்க ஆராதனை சொல்லாமல் வரும். சந்திப்புக் குறிப்புகளை அன்றன்றே எழுதிவைத்தவர்கள்தான் முடிக்கிறார்கள். ஒலிப்பதிவுகளைத் தமிழில் எழுத்தாக்கி, தமிழிலேயே அலசி, கடைசியில் தேவையானதை மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது நல்லது. ஐயரம்மாவும் பிள்ளைகளும் விட்டுக்கொடுத்த மாலைகளில்தான் ஒவ்வொரு அத்தியாயமும் எழுதப்படுகிறது. நன்றியுரையில் அதற்கு முதலிடம் கொடுத்தேன்.

வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்டவற்றில் ஒரு கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது: "உங்களுக்கு மாற்றல் வந்தபின் இது என்ன ஆகும்?" நம் திருமண்டலங்களில் ஆயர்களுக்கு மாற்றல் நிச்சயம். ஆயரோடு வந்த திட்டம் ஆயரோடு போவதை எல்லாச் சபைகளும் பார்த்திருக்கின்றன. நல்லவேளையாக, அதற்குள் சேகரக் கமிட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. சந்திப்புக் குழுவுக்கு ஒரு செயலாளர், சிறிய நிதி ஒதுக்கீடு, வருடம் ஒருமுறை பயிற்சி. அந்தப் பயிற்சியை நடத்தப்போவது நான் இல்லை, முதல் குழுவில் பயின்றவர்களே. வைவாவில் அந்தத் தீர்மானத்தைக் காட்டினேன்.

சேரப்போகும் ஆயர்களுக்கு மூன்று யோசனைகள். உங்களைத் தூங்கவிடாத ஒரு சிக்கலை எடுங்கள், தலைப்புக்காகச் சிக்கலைத் தேடாதீர்கள். கேள்வியை ஒரு சபைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்குங்கள். முடிந்ததும், நூலகத்துக்குப் போகும் ஆங்கிலப் பிரதியோடு நிறுத்திவிடாமல், சபையார் வாசிக்கும்படி தமிழில் ஒரு சிறு புத்தகமாகச் சுருக்கிக் கொடுங்கள். அவர்கள் சொன்னதைத்தானே எழுதினோம், அவர்கள் கையில் அது இருக்க வேண்டும்.

சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆயர் படிக்கிறார் என்றால், வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு விட்டுக்கொடுங்கள், முடித்துவந்ததும் கமிட்டியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கண்டதை விளக்கச் சொல்லுங்கள். "இதில் எதை நாம் தொடரப்போகிறோம்?" என்று அன்றைக்கே கேட்டு, முடிவை மினிட்ஸில் எழுதிவிடுங்கள். அடுத்து வரும் ஆயர் பொறுப்பேற்றதும் அதை வாசிப்பார்.